கட்டளை மீறிக் கணவர் மறியலில் இருக்கையில்



ஹல்துமுல்லையை அடுத்த மலைத் தோட்டமொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சிறு குற்றமொன்றுக்காக நீதவான் முன் நின்ற கணவர், சிறைக்கு அனுப்பப்படாமல், சில நிபந்தனைகளுடன் வீடு திரும்பினார். பின்னர் வேலை தேடிக் கொழும்புக்குச் சென்றவர், தாம் இடம் மாறியதை அதிகாரிக்கு அறிவிக்கவில்லை. பிடியாணை பிறந்தது. இப்போது அவர் மறியலில் இருக்கிறார். லயத்தில் தனித்து நிற்கும் மனைவி என்ன செய்தல் கூடும்?

முதலில், மீறப்பட்ட கட்டளை எத்தகையது என்பதனை அறிதல் வேண்டும். 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டம் நன்னடத்தைக் கட்டளைக்கு வழி செய்தது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைக்கு இடமளிக்கின்றது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை வழங்கப்படுகின்றது. மூன்றும் வெவ்வேறானவை. ஒத்திவைத்த தண்டனை, புதிய குற்றம் புரிந்தால் உயிர்பெறும். மற்ற இரண்டிலும், குறித்த நாளில் வராமை போன்ற நிபந்தனை மீறலே வழக்காகிவிடும். ஆகையால் வழக்கு இலக்கத்தையும் கட்டளையின் பிரதியையும் பெற்றுக்கொள்வதே முதற் கடமை.

இரண்டாவதாக, விளக்கமறியல் வேறு, தண்டனை வேறு. விசாரணை முடியும் வரை அடைத்து வைப்பதே விளக்கமறியல். அந்நிலையில் பிணை கோரலாம். நிபந்தனையை மீறியவர் தாமாகவே முழுத் தண்டனைக்கும் உள்ளாகிவிடுவதில்லை. காரணத்தைக் கேட்டறிந்து, கட்டளையைத் தொடர விடுவதா, சிறைக்கு அனுப்புவதா என்று தீர்மானிப்பவர் நீதவானே.

இங்கேதான் மனைவியின் துணை பெரிதும் பயன்படும். அன்று கணவர் வேலையில் நின்றாரெனில் தோட்டத்துச் செக்ரோல் சாட்சி சொல்லும். நோயுற்றிருந்தாரெனில் வைத்தியசாலைச் சீட்டு உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையை மண்சரிவு மூடிய இம்மலைச் சரிவில், அடைமழை பாதையைத் தடுத்திருப்பினும் வியப்பில்லை. ஆனால் இல்லாத நோய்க்குச் சான்றிதழ் வாங்குவது உதவியன்று. பொய் வெளிப்படின் நீதிமன்றத்தின் நம்பிக்கையும் போய்விடும். கொழும்புக்குப் போனது உண்மையெனில் அதனையே சொல்லி, எங்கே, யாரிடம் வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் காட்டுதல் நலம்.

நிபந்தனைகள் சிங்களத்தில் வாசிக்கப்பட்டு அவருக்கு விளங்காமற் போயிருந்தால், அதனையும் மறைக்கலாகாது. நீதிமன்ற மொழி அறியாத தரப்பினர்க்குத் தமிழில் உரைபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அளிக்கின்றது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

வழக்கறிஞருக்குப் பணமில்லாதோர்க்காகவே, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. தண்டனை விதிக்கப்பட்டுவிட்டால் காலந் தாழ்த்தலாகாது. நீதவானின் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு மனுவுக்குரிய காலம் 14 நாட்களே.

நன்னடத்தை முறையின் தோற்றத்தையும் நினைவிற் கொள்வோம். 1841ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே, ஜோன் ஒகஸ்டஸ் என்னும் செருப்புத் தொழிலாளி, குடிகாரர் ஒருவரைத் தம் பொறுப்பில் பிணையெடுத்துத் திருத்தினார். அவரைப் போலக் கைகொடுக்கும் துணைவராக இருத்தலே அதிகாரியின் பணி. ஆகையால் மனைவி அவரிடம் நேரிற் சென்று குடும்ப நிலையை எடுத்துரைக்கலாம். நீதிமன்றத்துக்கு அவர் தரும் அறிக்கைக்கு மதிப்புண்டு.

பெரகலை, பண்டாரவளை வழியாகப் பதுளைச் சிறைக்குச் சென்று வருவதற்கு ஒரு நாட் பேர் போய்விடும் என்பது உண்மையே. ஆயினும் அச்சந்திப்பு வீண்போவதில்லை. பழிச்சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு, தேசிய அடையாள அட்டையோடு செல்லுங்கள். விளக்கமறியலில் இருப்பவருக்கு வீட்டு உணவு கொடுக்க முடியுமா என்பதையும் சிறை அதிகாரிகளிடம் கேட்டறியுங்கள்.

அவர் மீண்டு வந்தபின் வேலை இன்னும் எளியது. சமூகமளிக்க வேண்டிய நாளை நாட்காட்டியிற் குறித்து வையுங்கள். அன்றைக்கு விடுப்பு வேண்டுமெனக் கங்காணியிடமோ தோட்டத் தலைவரிடமோ முன்கூட்டியே சொல்லுங்கள். பஸ் கட்டணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். இச்சிறு கவனமே மற்றொரு பிடியாணையைத் தடுக்கும்.