குதிரும் வண்டியும்: ரத்தச்சோகை அறிக்கையை வாசித்தல்

ரத்தச்சோகை ஒரு நோயின் பெயரல்ல. ஹீமோகுளோபின் குறைந்துவிட்ட நிலையின் பெயர். கருவுறாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை இருந்தது. ஆரணி போன்ற பட்டு நெசவு ஊரில், தார் சுற்றிக்கொண்டும் தறியில் உட்கார்ந்தும் நாளைக் கழிக்கும் பெண்ணுக்கு ரத்தச்சோகையால் வரும் அசதியும் மூச்சிரைப்பும் வேலைக் களைப்பாகவே தோன்றிவிடக்கூடும்.

ஹீமோகுளோபின் குறைவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தைத் தேட அடுத்துப் பார்க்க வேண்டியது எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு. இயல்பு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். அதற்குக் கீழே போனால் இரும்புக் குறைவு, தலசீமியா மரபு, நாள்பட்ட அழற்சி ஆகியவற்றை எண்ண வேண்டும். மேலே போனால் ஃபோலிக் அமிலம் அல்லது பி12 குறைவாக இருக்கலாம். 1928-ல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், கருவுற்ற ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் இந்தப் பெரிய அணுச் சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆய்வு செய்தார். ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதை 1931-ல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பின்னாளில் தெரிந்தது.

ஆர்.டி.டபிள்யூ. என்பது அணுக்களின் அளவு எவ்வளவு சீரற்றது என்பதற்கான கணக்கு. ஒரே பாவில் தடித்த இழையும் மெலிந்த இழையும் கலந்தாற்போல, இரும்புக் குறைவில் இது உயரும். இரும்பும் பி12-ம் சேர்ந்து குறைந்தால் சராசரி அளவு இயல்பாகவே காட்டக்கூடும்; உயர்ந்த ஆர்.டி.டபிள்யூ.தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இரும்புப் பரிசோதனையை நெற்குதிரோடு ஒப்பிடலாம். ஃபெரிட்டின் குதிரில் உள்ள நெல். டிரான்ஸ்ஃபெரின் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் வண்டி. சீரம் இரும்பு வண்டியில் இருக்கும் பாரம், டி.ஐ.பி.சி. வண்டிகளின் மொத்தக் கொள்ளளவு. பற்றாக்குறையில் முதலில் குதிர் காலியாகும்; பிறகு பாரம் குறையும், உடல் வண்டிகளைக் கூட்டும்; கடைசியில்தான் ஹீமோகுளோபின் இறங்கும். பெரியவர்களில் ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. சீரம் இரும்பு வேளைக்கு வேளை மாறும். எனவே காலையில், மாத்திரை விழுங்கும் முன் ரத்தம் கொடுப்பது நல்லது.

இரண்டு இடங்களில் ஏமாறலாம். தொற்றோ அழற்சியோ இருந்தால் குதிர் பூட்டப்பட்டுவிடும்: சீரம் இரும்பும் டி.ஐ.பி.சி.யும் குறைந்திருக்க, ஃபெரிட்டின் மட்டும் இயல்பாகவோ உயர்ந்தோ நிற்கும். அப்போது ஃபெரிட்டின் 70-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். தலசீமியா மரபில் அணுக்கள் சிறுத்திருந்தாலும் எண்ணிக்கை குறையாது. எம்.சி.வி. 65, சிவப்பணுக்கள் 56 லட்சம், அதாவது 5.6 மில்லியன் என்றால், 65-ஐ 5.6-ஆல் வகுக்க 11.6 வரும். 13-க்குக் கீழே வருவது தலசீமியா மரபின் சாயல். ஏ2 என்னும் ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்தைத் தாண்டினால் அது பெரும்பாலும் உறுதியாகும். இரும்புக் குறைவு இல்லாதவருக்கு இரும்பு மாத்திரை பயன் தராது.

இரும்புக் குறைவு உறுதியானாலும், இரும்பு எங்கே போனது என்று தேட வேண்டும்: மிகுந்த மாதவிடாய், கொக்கிப்புழு, போதாத உணவு. ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் குடலில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஹீமோகுளோபின் ஏறியதுமே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. குதிர் நிறைய மேலும் 3 மாதமாவது ஆகும்.