ஸ்ரீரங்கம் மதிலில் ஒரு பிரகடனம்

வெறும் பலம் உரிமை ஆகிவிடுமா? ஜெனிவாவில் பிறந்த தத்துவ அறிஞர் ரூசோ, 1762இல் வெளியிட்ட 'சமூக ஒப்பந்தம்' நூலில் இதைக் கேட்டார். ஆகாது, ஆளும் அதிகாரம் மக்களுக்கே உரியது என்றார். பிறந்த ஊரே அவர் நூலைத் தீயிலிட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குள் அதே கேள்வி காவிரிக் கரையில் எழுந்தது.

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒரு பிரகடனம் ஒட்டப்பட்டிருந்தது. வெளியிட்டவர் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது. ஆற்காட்டு நவாப் ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்தார், அவர்கள் வஞ்சகமாக ஆட்சியைப் பறித்தார்கள், நம்மிடம் ஒற்றுமை இல்லாததால் நாடு பறிபோனது என்று அது காரணங்களை அடுக்கியது. நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருசேர விளித்தது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் சுபேதார்களையும் சிப்பாய்களையும்கூடப் போருக்கு அழைத்தது. படிப்பவர்கள் நகலெடுத்து ஊரெங்கும் பரப்பவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று சின்ன மருதுவும் அவருடைய அண்ணனும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1806 ஜூலையில், வேலூர்க் கோட்டையில் கும்பினியின் சிப்பாய்களே ஆயுதம் ஏந்தினார்கள்.