பசுமைப் பட்டாசு நம்ம தெருவுக்கு ஏன் இன்னும் சரியா வரலை?



போன தீபாவளிக்கு முன்னாடி அப்பாவோட பட்டாசு வாங்கப் போனேன். எங்க தாத்தாவுக்கு இழுப்பு உண்டு. அதனால் "பசுமைப் பட்டாசு இருக்குதாண்ணே?" என்று கேட்டேன். "எல்லாம் பசுமைதான் பாப்பா, எடுத்துக்கோ" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு முத்திரையும் இல்லை. தீபாவளிக்குப் பிறகு தாத்தா இரண்டு நாள் தறியில் உட்காரவே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பசுமைப் பட்டாசு என்றால் என்ன?

பச்சையாக எரியும் பட்டாசு என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. பச்சை நிறம் கொடுப்பது பேரியம் உப்பு. அந்தப் பேரியம்தான் இதில் இருக்கவே கூடாது! புகையும் தூசும் சுமார் 30 சதவீதம் குறையும்படி மருந்தை மாற்றிச் செய்ததுதான் பசுமைப் பட்டாசு.

2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், 'எங்களுக்குச் சுத்தமான காற்று வேண்டும்' என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2018 அக்டோபர் 23இல் தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, புகை குறைந்த பட்டாசு மட்டும் விற்கலாம் என்று சொன்னது. தீபாவளிக்கு இரண்டே வாரம் இருந்தது. கடையில் பசுமைப் பட்டாசே இல்லை! சிவகாசி ஆலைகள் சில மாதம் மூடிக் கிடந்தன. பிறகு நீரி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று புது வகைகளை உருவாக்கியது. 2019 அக்டோபர் 5இல் அவை அறிமுகம் ஆயின.

கண்டுபிடித்தாச்சு, அப்புறம் என்ன கஷ்டம்?

1. மருந்து: பேரியம் நைட்ரேட் ஈரத்தை அதிகம் இழுக்காது. மாற்றாகப் போடும் சில உப்புகள் ஈரத்தை இழுக்கும். நம்ம தீபாவளியோ மழைக்காலத்தில் வருது. நமுத்த பட்டாசை யார் வாங்குவாங்க?

2. சின்ன ஆலைகள்: ஒப்பந்தம் போட்டு, மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, சான்று வாங்க வேண்டும். பெரிய ஆலைக்கு இது முடியும். கூலிக்குப் பத்துப் பேரை வைத்து நடத்துகிறவருக்கு இது பெரிய சுமை.

3. போலி: காஞ்சிபுரத்தில் இருக்கும் நமக்கு இது புதுசு இல்லை. பட்டுச் சேலைக்கு சில்க் மார்க் இருந்தும் போலிப் பட்டு வருகிறது அல்லவா? அதே கதைதான். பசுமை என்ற பேரில் தடை செய்த ரசாயனத்தை விற்கிறார்கள் என்று 2021இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஒழுங்காகச் செய்கிறவருக்குத்தான் நஷ்டம்.

4. நாம்: "சத்தம் பத்தலையே" என்று சொல்வது நாம்தானே!

தீப்பெட்டியின் கதை

அந்தக் காலத்தில் தீக்குச்சியில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். ஆலையில் வேலை செய்தவர்களின் தாடை எலும்பே அழுகியது. 1844இலேயே சுவீடன் நாட்டில் ஆபத்தில்லாத தீக்குச்சியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் பழையது விலை குறைவு, எங்கே உரசினாலும் எரியும். அதனால் அதுவே விற்றது. 1888இல் லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் நம் வயதுப் பெண்களும் உண்டு. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்து சட்டம் வந்தது 1913இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 69 வருஷம்! நல்ல பொருள் இருந்தால் மட்டும் போதாது. சட்டமும் வேண்டும், வாங்குகிறவர் மனசும் மாற வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது

பசுமைப் பட்டாசு புகையைத்தான் குறைக்கும். அதுவும் வெடிமருந்துதான், கையைச் சுடும். செய்கிறவர்களுக்கும் ஆபத்து அப்படியே இருக்கு. 2023 மார்ச் 22இல் நம்ம காஞ்சிபுரம் பக்கத்துக் குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களும் நம்ம அப்பா அம்மா மாதிரி கூலிக்குப் போனவர்கள்தான். அவர்கள் உயிரைக் காக்கும் மாற்றமும் வந்தால்தான் அது முழுசாப் பாதுகாப்பான பட்டாசு.

நாம் என்ன செய்யலாம்?

பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் கட்டம் கட்டமான கியூ.ஆர். குறியும் இருக்கா என்று பாருங்கள். பெரியவங்க போனில் அதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் அடுத்த வருஷம் நல்லதைக் கொண்டு வருவார்.

இந்தத் தீபாவளிக்கு நாங்கள் கொஞ்சமாகத்தான் வாங்கப் போகிறோம். முத்திரை பார்த்து வாங்கும் வேலை என்னுடையது என்று அப்பா சொல்லிவிட்டார். தாத்தா தறியில் உட்கார்ந்தால் எனக்கு அதுவே போதும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி