சிட்டு போனது, மயில் வந்தது

கோவைப் பக்கத்து ஊர்களில் மயில் பார்க்க ஒரு காலத்தில் மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். இன்று அது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து அகவுகிறது. வீட்டுக்குள்ளேயே குடியிருந்த சிட்டுக்குருவியைத்தான் இப்போது தேட வேண்டியிருக்கிறது.

ஓட்டு வீடுகளில் சிட்டுக்கு எனத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே விட்ட சந்து போதும். அதுவும் இல்லையென்றால் சுவரில் சாய்வாக மாட்டிய தாத்தா போட்டோவின் முதுகுப்புறம். வைக்கோல் துணுக்கு நாள் முழுக்கத் தரையில் உதிரும். ஆண் சிட்டு நிலைக்கண்ணாடியில் தன்னையே எதிரியாகப் பார்த்து மூக்கால் கொத்தித் தீர்க்கும். அதன் தொல்லை தாங்காமல் கண்ணாடிக்குத் துண்டு போட்டு மூடி வைப்பார்கள். களத்தில் சோளமும் ராகியும் காய்ந்தன, வாசலில் முறத்து நொய் சிந்தியது. குஞ்சுக்கு ஊட்டப் புழு வேண்டுமே, அதற்குக் கிளுவை வேலி இருந்தது.

கான்கிரீட் வீட்டில் சந்து இல்லை. அரிசி பையில் வருகிறது. கிளுவை இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர். செல்போன் கோபுரத்தால்தான் சிட்டு அழிந்தது என்று இன்னமும் பலர் அடித்துச் சொல்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பழியைக் கோபுரத்தின் மேல் போட்டால் நம் வீட்டுச் சுவர் தப்பித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தொகுத்து 2020ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டின் எண்ணிக்கை பெரிதாகச் சரியவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. மயில் பெருகியிருப்பதையும் அதே அறிக்கை சொன்னது.

மயிலுக்கு வாய்ப்பாக அமைந்ததும் நம் கைங்கரியமே. உழாமல் தரிசாகப் போட்ட காடு, அதில் மண்டிய சீமைக் கருவேலம், அருகிப்போன குள்ளநரி, எல்லாம் சேர்ந்து அதற்கு இடம் கொடுத்தன. தேசியப் பறவை என்பதால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பும் உண்டு. தோகை விரித்தால் படம் பிடிக்க நகரத்தார் ஓடி வருகிறார்கள். தக்காளியும் நிலக்கடலையும் போட்டவரிடம் போய் மயிலின் அழகைப் பேசிப் பாருங்கள், தெரியும்.

காதில் விழுவதும் மாறித்தான் இருக்கிறது. சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களோடு பொந்தாந்தைகளின் கீச்சிடலும் போயிற்று. கிணற்றுக்குள் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளும் அரிதாகிவிட்டன. ஆள்காட்டி மட்டும் விடவில்லை. சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும் பறவை அது. கல் நட்டு விற்காமல் கிடக்கும் வீட்டுமனைகள் அதற்குத் தோதாகிவிட்டன. நடுராத்திரியிலும் கத்தி ஊரை எழுப்புகிறது.

போர்ட்டிகோவில் தொங்கும் பழைய கேபிள் ஒயரைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். தேன்சிட்டு கூடு கட்டியிருக்கலாம். சருகு, மரப்பட்டை, காகிதத் துணுக்கு, எல்லாவற்றையும் சிலந்தி நூலால் பிணைத்து, வாசலுக்கு மேல் சிறு தாழ்வாரமும் இறக்கிவிடும். கட்டுவது முழுக்கப் பெண் பறவை. ஆண் பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும், வழக்கம்போல.

அன்று சிட்டை யாரும் எண்ணவில்லை, எண்ணத் தோன்றவும் இல்லை. அதனால்தான் எவ்வளவு இழந்தோம் என்று கணக்குச் சொல்ல முடியாமல் நிற்கிறோம். இப்போது ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டித் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. காட்டுக்குப் போக வேண்டாம், பைனாகுலர் கட்டாயமில்லை. மாடியில் பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். வரும் பொங்கலுக்கு உங்கள் வீட்டுக் கணக்கையும் சேர்த்துவிடுங்கள். காக்கையை விட்டுவிடாதீர்கள்.