பரணில் கிடைத்த குட்டி கேமரா... திறப்பதற்கு முன் இதைப் படியுங்கள்!

தீபாவளி நெருங்கினால் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டார வீடுகளில் வெள்ளையடிப்பு ஆரம்பமாகிவிடும். பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டி இறங்கும். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவினர் யாராவது எப்போதோ வாங்கிவந்த, சீப்பு அளவே உள்ள ஒரு கேமரா அதில் கிடைக்கலாம். கையில் எடுத்ததும் பின்மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே ஃபிலிம் இருந்தால், தாத்தாவின் கடைசிப் படம் அதில் இருக்கலாம். வெளிச்சம் பட்டால் அது போயே போச்சு.

ஃபிலிம் என்பது சிவகாசிக்குப் புதிதல்ல. கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட் போடும் முறை வருவதற்கு முன், ஆஃப்செட் அச்சகங்களில் பிராசஸ் கேமராவில் பெரிய பெரிய நெகட்டிவ் எடுத்துத்தான் காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சாகின. குட்டி கேமராவும் அதே ஃபிலிம், அதே இருட்டறை வேலைதான். அளவு மட்டும்தான் சிறியது.

உங்களிடம் இருப்பது எது?

மினாக்ஸ்: வால்டர் சாப் வடிவமைத்து, 1930களில் லாட்வியாவின் ரீகா நகரில் தயாரிக்கப்பட்டது. உளவாளி கேமரா என்று பெயர் வாங்கியது இதுதான். இழுத்து மூடினால் அடுத்த படத்துக்குத் தயார். நெகட்டிவ் அளவு வெறும் 8x11 மி.மீ.

மினோல்டா-16: ஜப்பான் தயாரிப்பு. 16 மி.மீ. ஃபிலிமில் 10x14 மி.மீ. படம் விழும்.

110 கேமரா: 1972இல் கோடாக் கொண்டுவந்த முறை. பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜை அப்படியே உள்ளே போட வேண்டியதுதான். படம் 13x17 மி.மீ.

உள்ளே ஃபிலிம் இருக்கிறதா?

110 கேமராவின் முதுகில் சின்ன ஜன்னல் இருக்கும். அதில் எண் அச்சிட்ட காகிதம் தெரிந்தால் ஃபிலிம் இருக்கிறது. மற்ற இரண்டிலும் எண் காட்டியை மட்டும் நம்ப முடியாது. இரவில், ஜன்னலே இல்லாத அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கனமான போர்வைக்குள் கையை விட்டுத் திறந்து தடவிப் பாருங்கள்.

ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா? பதற வேண்டாம், உடனே மூடுங்கள். இந்த வகைகளில் எடுத்த ஃபிலிமும் எடுக்காத ஃபிலிமும் தனித்தனி மூடிய அறைகளுக்குள் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரிரு படங்கள்தான் கெடும்.

ஷட்டர் வேலை செய்யவில்லையா?

பல 110 கேமராக்களில் ஃபிலிமின் ஓட்டையில் ஒரு சிறு ஊசி மாட்டினால்தான் ஷட்டர் இயங்கும். காலி கேமராவை அழுத்திப் பார்த்துவிட்டு ‘ரிப்பேர்’ என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

லீவர் இறுகியிருந்தால் பலம் கொடுக்கக் கூடாது. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். அது லென்ஸுக்கும் ஷட்டர் தகட்டுக்கும் பரவி ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரி அறையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டுத் துடைத்து நன்கு உலரவிடுங்கள். 1.35 வோல்ட் பாதரச பேட்டரிகள் இப்போது வருவதில்லை. அளவு பொருந்தினால், காது கேட்கும் கருவிக்குப் போடும் 1.4 வோல்ட் ஜிங்க்-ஏர் பேட்டரி கைகொடுக்கும்.

லென்ஸில் சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் வறட்சி லென்ஸுக்கு நல்லதுதான் என்றாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் ஈரம் தங்கும். சிலிகா ஜெல் பாக்கெட்டுடன் டப்பாவில் வையுங்கள்.

மறுபடி படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். 110 ஃபிலிமை லோமோகிராஃபி நிறுவனம் இன்றும் விற்கிறது. மினாக்ஸுக்கு 35 மி.மீ. ஃபிலிமை இருட்டில் குறுக்கி வெட்டிச் சுற்ற வேண்டும். அதற்குப் பழைய காலி கேசட் தேவை என்பதால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

எளிய 110 கேமராக்களில் ஃபோகஸை மாற்ற முடியாது. மத்தாப்பு பிடித்த பேத்தியை எடுக்க, சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே டெவலப் செய்பவர்களுக்கு நம் ஊர்த் தண்ணீர்தான் சவால். டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ் வசதி. பகலில் நம் குழாய்த் தண்ணீர் அதைத் தாண்டிவிடும். பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்துக் குளிரவையுங்கள், கரைசலுக்குள் போட வேண்டாம். தூசியும் ஜாக்கிரதை. மினாக்ஸ் படத்தை 6 இன்ச் அகலப் பிரின்ட் போட்டால் சுமார் 14 மடங்கு பெரிதாகும். அதிலிருக்கும் தூசியும் அவ்வளவு பெரிதாகும்.

பழைய ஃபிலிமை எங்கே கொடுப்பது?

பார்சல் அனுப்பும் முன், இந்த அளவை டெவலப் செய்வார்களா என்று லேபில் கேளுங்கள். வருடக்கணக்கில் வெப்பத்தில் கிடந்த கலர் ஃபிலிமில் நிறம் மங்கியிருக்கும். அதைக் கறுப்பு வெள்ளையாக டெவலப் செய்தால் உருவமாவது தேற வாய்ப்புண்டு. பெட்டியில் ‘கோடாக்குரோம்’ என்றிருந்தால் வேறு வழியே இல்லை. அதற்கான கலர் டெவலப்பிங்கை உலகின் கடைசி லேபும் 2011 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

கூடவே, அந்த கேமராவைக் கடைசியாக யார் தொட்டார்கள், எந்தக் கல்யாணத்துக்கு எடுத்துப்போனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். நாளை நெகட்டிவில் ஒரு முகம் தெரிந்தால், அது யார் என்று சொல்ல அவர்கள்தான் வேண்டும்.