வலியைச் சிரிப்பாக்கியவர்: தாராபுரம் நாகேஷ்

திருப்பூர் மாவட்டத்தின் தாராபுரத்தில் 1933-ஆம் ஆண்டு பிறந்தவர் நடிகர் நாகேஷ். அவர் முகத்தில் இருந்தவை அம்மைத் தழும்புகள். பெரியம்மைக்கு அஞ்சி ஊர்கள் நடுங்கிய காலம் அது. தடுப்பூசியின் பயனாய் 1975-க்குப் பின் அந்நோய் இந்தியாவில் இல்லை. 1980-இல் உலகம் முழுவதும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் விட்டுச்சென்ற அத்தழும்புகளோடுதான் அவர் திரையில் நாயகனாகவும் நின்றார்.

ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றிய நாளில், மேடை நாடகம் ஒன்றில் வயிற்றுவலிக்காரராக அவர் தோன்றினார். சிறிய வேடம். எனினும் அவர் உடல் வளைந்து துடித்த விதம் அரங்கைச் சிரிப்பில் ஆழ்த்தியது; நாடகத்தைக் கண்ட எம்.ஜி.ஆர். அவரைப் பாராட்டினார். அதுவே அவர் கலைவாழ்வின் திருப்புமுனையாயிற்று.

கையில் கிடைத்த எப்பொருளையும் நகைச்சுவைக்குத் துணையாக்கிக்கொள்வது அவர் திறமை. 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் உணவக டம்ளர்களின் நெடிய அடுக்கே அவருக்குத் துணை. அதே ஆண்டில் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும்போது, பொருள் எதுவுமின்றிக் குரலாலும் உடலாலும் ஓர் உலகையே படைத்தார். 'மகளிர் மட்டும்' (1994) படத்திலோ பிணமாக நடித்து, பிறர் தூக்கிச் சுமக்கும் பொருளாகத் தாமே ஆகிவிட்டார்.

கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி' (1965) மருத்துவமனையில் நிகழும் கதை. அதில் நாகேஷ் ஏற்ற சேது என்னும் நோயாளி, உடன் இருக்கும் பிற நோயாளிகளையெல்லாம் சிரிக்க வைப்பான். அவன் உடலையோ நோய் அரித்துக்கொண்டிருக்கும். சிரிப்பவர் எல்லாரும் நலமாக இருக்கிறார் என்று எண்ணிவிடலாகாது என்பதை மருத்துவர்களாகிய எங்களுக்கும் உணர்த்தும் பாத்திரம் அது.

பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை செய்து எங்களிடம் வருவோர் பலர், வலியைச் சிரித்து மழுப்புகின்றனர். ஒரு நாள் கூலி போய்விடும் என்னும் கவலை ஒருபுறம். வீட்டார் அஞ்சுவரே என்னும் தயக்கம் மறுபுறம். நாகேஷ் மேடையில் செய்தது இதற்கு நேர்மாறானது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புரியும்படி வலியைக் காட்டினார். நீங்களும் எங்களிடம் அவ்வாறே காட்டுங்கள். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, உண்டபின் கூடுகிறதா, உறக்கத்தைக் கெடுக்கிறதா என்று சொல்லுங்கள். பூஜ்யம் முதல் பத்துக்குள் வலிக்கு ஓர் எண் கேட்டால், உள்ள எண்ணையே கூறுங்கள்.

'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்பது பழமொழி. சிரிப்பு மனத்தின் இறுக்கத்தைச் சற்றே தளர்த்தும் என்பது மெய். ஆயினும் அது மருந்துக்கு மாற்று அன்று. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், சிரிப்போ இருமலோ வரும்போது ஒரு தலையணையைத் தையல் இருக்கும் இடத்தில் மென்மையாக அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது தையல் இழுபடுவதும் வலியும் குறையும். உடனிருப்போர், நோயாளி சிரிக்க விரும்பும் வேளையில் உடன் சிரியுங்கள், விரும்பாதபோது வற்புறுத்தாதீர்கள்.

நகைச்சுவையால் புகழ்பெற்ற நாகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது, 'நம்மவர்' (1994) படத்தில் மகளை இழந்த தந்தையாகத் துயரை வெளிப்படுத்தியதற்கே. 2009 ஜனவரி 31 அன்று அவர் மறைந்தார். வாழ்நாளெல்லாம் பிறரைச் சிரிக்க வைத்தவரும் அழவேண்டிய இடத்தில் அழுதே காட்டினார். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. அழுகையையும் வலியையும் எங்களிடம் மறைக்க வேண்டாம்.