128 போதுமா, 256 வேண்டுமா?

போன் கடையில் ஒரு மாடலின் விலையைக் கேட்டால், “எட்டு நூத்தியிருபத்தெட்டா, எட்டு இருநூத்தம்பத்தாறா சார்?” என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். முதல் எண் ரேம். போன் அந்த நேரத்தில் செய்யும் வேலைகளை விரித்து வைத்துக்கொள்ளும் இடம் அது. அணைத்துவிட்டால் அதில் எதுவும் தங்காது. இரண்டாவது எண்தான் ஸ்டோரேஜ். படம், வீடியோ, ஆப், வாட்ஸ்அப் அரட்டை எல்லாம் நிலையாகக் குடியிருப்பது இங்கே. இரண்டையுமே ‘மெமரி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் ஸ்டோரேஜ் நிறைந்து தவிப்பவர்கள் ரேம் அதிகமான போனைத் தேடிப் போவதும் உண்டு. பெட்டியின் மேல் ‘8+8 ஜிபி ரேம்’ என்று அச்சிட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த இரண்டாவது எட்டு, ஸ்டோரேஜிலிருந்து வாங்கிய கடன்.

ஸ்டோரேஜ் என்பது நகத்தளவு சிப். இதன் அடிப்படையான நாண்ட் ஃப்ளாஷ் தொழில்நுட்பத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவும் அவருடைய குழுவினரும் 1987-ல் அறிமுகப்படுத்தினார்கள். மின்கடத்தாப் பொருளால் சுற்றி அடைக்கப்பட்ட நுண்ணிய அறைக்குள் எலக்ட்ரான்களைச் சிறைவைப்பதுதான் வேலை. மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறாது. ஆகவே பேட்டரி தீர்ந்தாலும் படம் அழியாது. அறைக்குள் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்பதை எட்டு நிலைகளாகப் பிரித்தறிந்தால் ஓர் அறையில் மூன்று பிட் தகவலை வைக்கலாம். இன்றைய போன்களில் பரவலாக இருப்பது இந்த வகைதான். கணக்குப் போட்டால் 128 ஜிபி சிப்பில் சுமார் 34 ஆயிரம் கோடி அறைகள் வருகின்றன. தட்டையாகப் பரப்பினால் இவ்வளவுக்கு இடம் போதாது என்பதால், அடுக்குமேல் அடுக்காகக் கட்டத் தொடங்கினார்கள். சாம்சங் 2013-ல் இந்த அடுக்கு முறைச் சிப்புகளைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது.

128 ஜிபி போன் வாங்கினால் 128 கிடைக்குமா என்றால், கிடைக்காது. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். பல போன்களும் கணினிகளும் 1024-இன் மடங்குகளில் எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் 128 என்பது 119 ஆகிவிடும். இதில் பைட் எதுவும் காணாமல் போகவில்லை, அளவுகோல்தான் வேறு. உண்மையில் இடத்தைப் பிடிப்பது ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் மென்பொருளும், கூடவே கம்பெனி ஏற்றி அனுப்பும் ஆப்களும். 2013-ல் வந்த கேலக்ஸி எஸ்4 போனின் 16 ஜிபி மாடலில், வாங்கியவருக்கு மிஞ்சியது ஏறக்குறைய 9 ஜிபிதான். அப்போது இது பெரிய சர்ச்சையானது. இப்போதைய போன்களில் 20 ஜிபியை இந்த வகையில் எழுதிவிடுவது நல்லது.

சரி, மீதி முழுவதையும் நிரப்பலாமா? கூடாது. காரணம் ஃப்ளாஷ் சிப் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. இதில் எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கும். அழிப்பது மட்டும் பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான் முடியும். ஒரு தொகுதியில் பாதி நீங்கள் நீக்கிய படங்கள், பாதி வேண்டிய படங்கள் என்றால், வேண்டியதை வேறொரு காலித் தொகுதிக்கு மாற்றிவிட்டுத்தான் பழைய தொகுதியைத் துடைக்க முடியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஓர் அறைச் சாமான்களை அடுத்த அறைக்கு மாற்றுவதைப் போல. எல்லா அறையிலும் சாமான் அடைத்துக்கிடந்தால் வெள்ளையடிப்பவர் எங்கே நிற்பார்? நிறைந்த போன் திணறுவது இதனால்தான். ஒரு படம் எடுத்தால்கூட உள்ளே பத்து சாமான் நகர வேண்டியிருக்கிறது. தேவையில்லாத இந்த நகர்த்தல் சிப்பின் ஆயுளையும் தின்னும்; இவ்வகை அறைகளைச் சில ஆயிரம் தடவைக்கு மேல் துடைத்து எழுத முடியாது. பத்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டுவையுங்கள். காலியிடமும் அந்த இயந்திரத்தின் ஓர் உறுப்பு.

ஆக 128-ல் நம் கைக்கு வருவது 85 ஜிபி அளவு. வங்கி, யூபிஐ, பேருந்து முன்பதிவு போன்ற ஆப்களும் அவை சேர்க்கும் தரவும் 25 ஜிபிக்குள் அடங்கிவிடும். கேம் விளையாடுகிறவர்களின் கணக்கு வேறு. கென்ஷின் இம்பாக்ட் போன்ற ஒரே விளையாட்டு 20 ஜிபியைத் தாண்டும்.

மிச்சமிருக்கும் 60 ஜிபியை விழுங்குவது யார் என்பதுதான் கேள்வியே. புகைப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு படம் 3 எம்பி என்று வைத்து, தினம் 20 படம் எடுத்தாலும் ஆண்டுக்கு 22 ஜிபிதான். தினம் 20 படம் எடுப்பவர்கள் எத்தனை பேர்? வீடியோவிடம்தான் பயப்பட வேண்டும். ஐபோனின் கேமரா செட்டிங்ஸிலேயே கணக்கு இருக்கிறது: சாதாரண எச்டி வீடியோ நிமிடத்துக்கு 60 எம்பி, 4கே என்றால் 170, அதையே விநாடிக்கு 60 பிரேம் என்று வைத்தால் 400. வாரத்துக்குப் பத்து நிமிடம் எடுக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு முறையே 31, 88, 208 ஜிபி. பிறந்தநாளும் பள்ளி ஆண்டுவிழாவும் அதே அளவில்தான் நடந்தன. மாறியது கேமராவில் ஒரு பொத்தான். பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்த எண்கள் இன்னும் கூடும். 2007-ல் வந்த முதல் ஐபோன் 4 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு அளவில் விற்றது. அதில் வீடியோ எடுக்கும் வசதியே கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், அது எப்படிச் சமாளித்தது என்பது புரியும். போனிலேயே பார்க்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோவுக்கு 4கே வீண் என்பது என் கட்சி. பெரிய டிவியில் போட்டுப் பார்க்கும் வழக்கமுள்ளவர்கள் மறுக்கலாம்.

நாம் எடுக்காமலே வந்து குவிவது இன்னொரு பக்கம். இந்தியர்களின் போன் ஏன் அடிக்கடி நிறைந்துவிடுகிறது என்று கூகுள் ஆராய்ந்தபோது அகப்பட்டது, ரோஜாப்பூவும் சூரியோதயமுமாக வரும் காலை வணக்கப் படங்கள். 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைச் செய்தியாக்கியது. இந்தியாவில் மூவரில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் என்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் கணக்கும் அதில் வந்தது. இத்தகைய படங்களைக் கண்டுபிடித்து ஒரே தட்டில் நீக்குவதற்கு, 2017 டிசம்பரில் வந்த ‘ஃபைல்ஸ் கோ’ ஆப்பில் வழி செய்தார்கள். இன்று அதன் பெயர் ‘ஃபைல்ஸ் பை கூகுள்’. படங்களாவது சிறியவை. குரூப்பில் சுற்றும் வீடியோக்கள்தான் எடை. பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: ஆண்ட்ராய்டில் நீங்கள் கேலரியிலிருந்து அனுப்பும் வீடியோவின் சுருக்கிய பிரதியையும் வாட்ஸ்அப் தனியாக ஒரு ஃபோல்டரில் சேர்த்துவைக்கிறது.

எனவே ‘எத்தனை ஜிபி வாங்கலாம்’ என்பதற்கான விடை விளம்பரத்தில் இல்லை, இப்போது கையிலிருக்கும் போனில் இருக்கிறது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து படம், வீடியோ, வாட்ஸ்அப் மூன்றையும் கூட்டுங்கள். அதற்கு முந்தைய போனிலிருந்து கொண்டுவந்ததைக் கழித்துவிட்டு, வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்றோ அதால் வகுத்தால் உங்கள் ஆண்டு வளர்ச்சி தெரியும். ஆண்டுக்கு 15 ஜிபிக்குள் என்றால் 128 போதும், நான்கு ஆண்டு ஓட்டலாம். பெரும்பாலானவர்கள் இதில் அடங்குவார்கள். 25, 30 என்று வந்தாலோ, ஐந்தாறு ஆண்டு வைத்திருக்கும் எண்ணம் இருந்தாலோ 256. வீடியோவே பிழைப்பு என்பவர்களைத் தவிர மற்றவர்கள் 512-க்குக் கொடுக்கும் பணம் வீண். 64 ஜிபி போனை இனி எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

ஸ்டோரேஜ் சிப் போனின் போர்டோடு ஒட்டப்பட்டது. பிறகு மாற்ற முடியாது. விலை வித்தியாசம் அதைத் தெரிந்தே வைக்கப்படுகிறது. 2023-ல் ஐபோன் 15 இந்தியாவுக்கு வந்தபோது 128 ஜிபி 79,900 ரூபாய், 256 ஜிபி 89,900, 512 ஜிபி 1,09,900. எல்லாம் ஒரே போன். சில சமயம் வித்தியாசம் இடத்தில் மட்டும் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டின் கேலக்ஸி எஸ்23-ல் 256 ஜிபி மாடலுக்கு யூஎஃப்எஸ் 4.0 என்ற வேகமான சிப். 128-க்கு அதற்கு முந்தைய தலைமுறை 3.1. பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் படம், வீடியோவை அதற்கு மாற்றலாம். ஆப்களுக்கு அது சரிவராது, வேகம் குறைவு. பல மாடல்களில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே இடம்தான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த போன்களில் இந்த வசதி மறைந்தே விட்டது. சாம்சங் தன் எஸ் வரிசையில் 2021-ல் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸும் வரம்பில்லா இலவசச் சேமிப்பை நிறுத்தி, மெயில் உட்பட எல்லாவற்றுக்கும் 15 ஜிபி என்றாக்கியது. போனில் இடம் இல்லை என்று மேகத்துக்கு ஏற்றுபவர்கள் அங்கே மாத வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுப்பதானால் 128 தாராளம். கையில் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் தானாக டவுன்லோடு ஆவதை, குறிப்பாக வீடியோவுக்கு, அணைத்துவிடுங்கள். கேமராவை 4கே-யிலிருந்து சாதாரண எச்டிக்கு இறக்குங்கள். நீக்கிய படம் உடனே போய்விடாது, குப்பைத்தொட்டியில் ஒரு மாதம்போல இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும் என்பதையும், அதைக் காலி செய்யும் இடத்தையும் ஒருமுறை காட்டிக் கொடுங்கள்.